மைதாவுக்குக் கட்டிய குகை

"அத்தை, அட்டைய முயல் கடிச்சா செத்துடுமா?"

தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்து அப்போதுதான் ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் எடுத்திருந்தேன். நிமிர்ந்தால் என் நாத்தனார் மகள் அனு நிற்கிறாள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. ஒரு கையில் அவள் அம்மா வீட்டில் விட்டுப்போகிற பழைய செல்போன், இன்னொரு கையில் மைதா. மைதா என்பது முயலின் பெயர். வெள்ளையாக, தொட்டால் மெத்தென்று இருப்பதால் ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. போனில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரி தன் முயலுக்கு அட்டைப் பெட்டியில் மாடிவீடு கட்டி, ஜன்னல் வெட்டி, உள்ளே புகுந்து வர வழியெல்லாம் வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் மனிதர்களுக்கே மாடி கிடையாது.

"உங்கம்மா என்னா சொன்னா?" என்றேன்.

"கடையிலேர்ந்து வர்ற பொடவப் பெட்டி குடுக்கக் கூடாதாம். மேல பளபளன்னு ஒட்டியிருக்குது இல்ல, அது வயித்துக்கு ஆவாதாம். இங்க் இருக்கக் கூடாது, கோந்து இருக்கக் கூடாது, டேப்பு, பின்னு எதுவும் இருக்கக் கூடாது. வெறும் அட்டையா இருந்தா பரவால்லியாம். அதுவும் கடிச்சித் துப்பணுமாம். முழுங்கிக்கினே இருந்தா எடுத்துடணுமாம்."

"இந்தக் காஞ்சிபுரத்துல இங்க் இல்லாத அட்டைக்கு எங்க போறது?"

"அதான் உங்களக் கேக்குறேன்."

அம்மாவைக் கேட்டாயிற்று, போனைக் கேட்டாயிற்று, கடைசியில் என்னிடம் வந்து நிற்கிறாள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நான் பெருமைப்பட்டேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதை நானே முதலில் சொல்லிவிடுவது வழக்கம். இல்லாவிட்டால் கேட்கிறவர்கள் தாமாகக் கண்டுபிடித்து உடனே முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள், அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும். பதினேழு வருஷமாக நானும் என் வீட்டுக்காரர் தேவேந்திரனும் பிள்ளையார்பாளையத்தில் ஆளுக்கொரு தறியில் உட்கார்ந்து நெய்கிறோம், சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். போன ஆடியில் அவர் தங்கை சங்கரி வாலாஜாபாத்திலிருந்து இரண்டு பையும் ஒரு பெண்ணும் ஒரு முயலுமாக வந்து இறங்கினாள். புருஷனோடு இனிமேல் முடியாது என்றாள். ஏன் என்று அவள் அண்ணன் கேட்கவில்லை. நான் கேட்டேன், பதில் வரவில்லை. பத்து நாளில் ஒரு பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காலையில் ஒன்பதரைக்குப் போனால் கடை சாத்தித்தான் வருவாள். நடுவில் பெண் என் பொறுப்பு.

பொறுப்புதான் என்னுடையது, சட்டமெல்லாம் அவளுடையது. அண்ணி, அனுவுக்கு டீ குடுக்காதீங்க. அண்ணி, முயலுக்குத் தினமும் கேரட் வேணாம், புல்லுதான் நல்லது. அண்ணி, அது பாத்திரத்துல தண்ணி மாத்துனீங்களா. எதையும் படித்துவிட்டுத்தான் சொல்வாள், அதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது, அதுதான் இன்னும் ஆத்திரம். பெற்றவள் பெறாதவளிடம் பேசுகிற தொனி அதில் இருந்ததா, நானாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டேனா என்று இன்றுவரை தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து என் மடியில் கிடக்கிற பெண், வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடிவிடும். மடியில் அந்த இடம் கொஞ்ச நேரம் சூடாக இருக்கும், பிறகு ஆறிவிடும். அதற்காக நான் சங்கரியை வெறுத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

வெறும் அட்டை என்று யோசித்ததும் எனக்குப் பரண் ஞாபகம் வந்தது. புடவையில் பூவோ பறவையோ விழவேண்டும் என்றால் தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும், அதில் ஓட்டை குத்திய அட்டைகள் ஒவ்வொன்றாகச் சுற்றி வரும். எந்த இழை எழும்ப வேண்டும், எது படுத்திருக்க வேண்டும் என்று அந்த ஓட்டைகள்தான் சொல்லும். ஒரு டிசைனுக்கு நூற்றுக்கணக்கில் அட்டை, ஒன்றோடு ஒன்று நூலால் கோத்திருக்கும். டிசைன் மாறினால் பழைய கட்டு பரணுக்குப் போய்விடும். இங்க் கிடையாது, கோந்து கிடையாது, பின் கிடையாது. வெளிநாட்டுக்காரிக்குக்கூட இப்படி ஒரு அட்டை கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

பரணில் நாலு கட்டு இருந்தது. அன்னப்பட்சி டிசைன் கட்டை இறக்கித் தூசி தட்டினேன். பழுப்பு அட்டை, கெட்டியாக, கைக்கு நன்றாக இருந்தது. இருபது அட்டையைப் பிரித்து எடுத்து, வளைத்து, இரண்டு முனையையும் நூலால் தைத்தேன். தரையில் வைத்தால் குழாய் போல நின்றது. அனு அதைக் குகை என்றாள். மைதா முதலில் மூக்கை மட்டும் நீட்டியது, பிறகு பாதி உடம்பு, பிறகு முழுசாக உள்ளே போய் அந்தப் பக்கம் வந்து, திரும்பி நின்று அட்டையின் ஓரத்தைக் கடித்தது. அனு சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுப் பொன்னியம்மாள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள். "எங்க அத்தை கட்டுனாங்க" என்று அவளிடம் அனு சொன்னாள். எங்க அத்தை. நான் நாடாவை எடுத்துக்கொண்டு தறியில் குனிந்துகொண்டேன்.

வேலை முடிந்து வந்த சங்கரி குகையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குது அண்ணி. இதுல மருந்து கிருந்து எதுனா அடிச்சிருக்கீங்களா? பூச்சிக்கு, எலிக்குன்னு பரண்ல வப்பாங்களே, அதுக்குக் கேக்குறேன்."

நியாயமான கேள்வி. நின்று யோசித்துப் பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி. ஆனால் அனு பக்கத்தில் நிற்கிறாள், காலையிலிருந்து எனக்குக் கிடைத்திருந்ததை இவள் ஒரே வாக்கியத்தில் பிடுங்கப் பார்க்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது.

"பதினேழு வருஷமா இந்த வூட்ல இருக்கேன். எதுல என்னா அடிச்சேன்னு எனக்குத் தெரியாதா? நம்பிக்கை இல்லன்னா தூக்கிக் கடாசு."

"அதுக்கில்ல அண்ணி..."

"அம்மா, அத்தைதான் சொல்றாங்க இல்ல?" என்று அனு குகையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

சங்கரி என்னைப் பார்த்து, தப்பா எடுத்துக்காதீங்க என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். அன்றைக்கு அனு தன் பாயை உருட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் படுத்தாள். நான் ஜெயித்துவிட்டேன்.

அடுத்த ஐந்து நாளும் மைதாவுக்கு அந்தக் குகைதான் வீடு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அனு அதன் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொள்வாள். கடிக்கிறது துண்டு துண்டாகக் கீழே விழுகிறதா, உள்ளே போகிறதா என்று அவள் அம்மா சொன்னபடி பொறுப்பாகப் பார்ப்பாள். "துப்பிடுது அத்தை" என்பாள். "கொஞ்சம்தான் முழுங்குது." விழுந்த துண்டுகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள். இடையில் சங்கரி, பெண் தன்னைவிட்டு நழுவுவது தெரிந்தோ என்னவோ, ஒரு காலையில் பிள்ளையார் கோயிலுக்குப் போய்ச் சர்க்கரைப் பொங்கல் வாங்கி வந்தாள். அனு வேண்டாம் என்று தலையாட்டியதும், அவளைச் சிரிக்க வைப்பதற்காக ஒரு விரல் பொங்கலை மைதாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். அது நக்கி நக்கித் தின்றது. இனிப்பே ஆகாது என்று ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னவள் செய்த காரியம். அனு சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் மைதா குகைக்கு வெளியே மூலையில் உட்கார்ந்திருந்தது. முதுகைக் குறுக்கி, கண்ணைப் பாதி மூடி, புல்லைப் பக்கத்தில் வைத்தால்கூடத் திரும்பாமல். அனு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள். சங்கரி கடைக்குப் போன் போட்டுத் தாமதமாக வருவதாகச் சொன்னாள். மூன்று பேரும் ஆட்டோவில் ஏறினோம். மைதா ஒரு பழைய துண்டுக்குள், என் மடியில்.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஆடு, கன்றுக்குட்டி, கட்டுப்போட்ட நாய் என்று வரிசை நின்றது. எங்கள் முறை வந்தபோது டாக்டரம்மா மைதாவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். சின்ன வயதுதான் அவருக்கு, ஆனால் அவசரப்படவில்லை.

"புதுசா எதுனா குடுத்தீங்களா?"

"நான்தாங்க மேடம்" என்றாள் சங்கரி. கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டாள். "நேத்து காலையில கொஞ்சம் சக்கரப் பொங்கல் குடுத்துட்டேன். கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

அனு அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"வேற? வூட்ல எலி மருந்து, பூச்சி மருந்து எதுனா வாய் வச்சிருக்குமா? ஈறு வெளுத்த மாதிரி இருக்குது. எலி மருந்துன்னா சொல்லிடுங்கமா, அதுக்குத் தனியா ஊசி இருக்குது. இப்பவே போட்டா பொழைக்க வச்சிப் பாக்கலாம்."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மெதுவாக வரவில்லை, மொத்தமாக வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மழைக்காலத்தில் பரண் முழுக்க எலி. ஒரு கட்டுக்குள் இரண்டு அட்டையைக் கடித்துவிட்டது தெரியாமல் தறியில் ஏற்றி, புடவை முழுக்க ஒரே இடத்தில் பூ உடைந்து உடைந்து விழுந்தது. ஒரு புடவை போயிற்று. அந்த ஆத்திரத்தில் எலி மருந்துப் பொடியைச் சோற்றுக் கஞ்சியில் கரைத்து, பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற பிரஷ்ஷால் ருத்திராட்ச டிசைன் கட்டின் ஓரமெல்லாம் நானே தடவினேன். ருத்திராட்சக் கட்டுக்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீணாக்க மனசு வரவில்லை. பக்கத்தில் இருந்த கட்டையும் இழுத்து அதையும் தடவி முடித்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், போதும் எறங்குடி என்றார். அந்தப் பக்கத்துக் கட்டு அன்னப்பட்சி.

சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அனு என் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். சங்கரி டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அன்றைக்கு நான் சொன்னது, கடாசு என்று சொன்னது, அவளுக்கும் ஞாபகம் இருந்திருக்கும்.

"அப்படி எதுவும் இல்லைங்க" என்றேன்.

டாக்டரம்மா பொங்கலுக்குத்தான் வைத்தியம் பார்த்தார். வயிறு வேலை செய்யாமல் நின்றுபோயிருக்கும் என்று ஒரு ஊசி, ஒரு சொட்டு மருந்து. நாளைக்கும் கொண்டு வாங்க என்றார். ஆட்டோவில் திரும்பும்போது மைதாவின் மூக்கு நுனியில் கடுகளவு சிவப்பு தெரிந்தது. அப்போதும் திரும்பிப் போயிருக்கலாம். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஆட்டோக்காரரிடம் திருப்புங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் முந்தானையால் அதைத் துடைத்தேன். அடர் மெரூன் புடவை, கறை தெரியவில்லை. மூன்று மணிக்கெல்லாம் மைதா செத்துப்போனது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேகவதி ஆற்றோரம் போய்ப் புதைத்துவிட்டு வந்தார். அனு குகையையும் சேர்த்துப் புதைக்க விடவில்லை. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவர் கால் கழுவிவிட்டு உள்ளே வந்து அந்தக் குகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அன்னப்பட்சிக் கட்டா இது?"

"ஆமா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பதினேழு வருஷம் கூட இருந்த மனிதர், அவருக்குச் சொல்லித் தெரியவேண்டியது ஒன்றும் இல்லை. தங்கை ஒரு பக்கம் அழுதுகொண்டிருக்கிறாள். ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன், கேட்டால் நல்லது என்றுகூட இருந்தது.

"இனிமே பரண்ல இருக்கறத எறக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கைப் போட்டுத் தறியில் உட்கார்ந்தார். ஒரு குடும்பத்தில் உண்மை எப்படி அடங்கிப்போகிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். யாரும் பெரிதாக எதுவும் செய்வதில்லை. அவரவர் தறியில் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

அன்றைக்குச் சங்கரி சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். "நான்தான் அண்ணி கொன்னுட்டேன். எல்லாம் படிச்சிப் படிச்சி, கடைசில என் கையாலயே குடுத்துட்டேன். எங்கிட்டப் பேச மாட்டேங்குறா." அழுகையை அடக்கினதில் அவளுக்கு விக்கல் வந்தது. நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். "விடு சங்கரி, வேணும்னேவா செஞ்ச?" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே கேவலமான வார்த்தை அதுதான். அதைச் சொல்லும்போது என் குரல் நன்றாகத்தான் இருந்தது.

அனு அம்மாவிடம் பேசுவதை நிறுத்தினாள். அம்மா பிசைந்த சோறு வேண்டாம், அம்மா பின்னின ஜடை வேண்டாம். சங்கரி கிட்டே வந்தால் எழுந்து என் பின்னால் வந்து நிற்பாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலும் இப்போது என் மடியிலிருந்து எழுந்திருப்பதில்லை. நான் எதைக் கேட்டேனோ அது முழுசாகக் கிடைத்துவிட்டது. அந்தத் தலை என் தொடையில் கனத்தபோதெல்லாம் அதைத் தள்ளிவிட்டு ஓடலாம் போல இருந்தது.

குகையை மட்டும் அவள் விடவில்லை. தலைமாட்டில் வைத்துத் தூங்கினாள். மைதா கடித்த இடங்களை விரலால் தடவிக்கொண்டே டிவி பார்த்தாள். ஒருமுறை யோசனையாக அந்த விரலை வாயில் வைத்தாள். நான் தறியிலிருந்து எழுந்து வந்து அவள் கையைத் தட்டிவிட்டேன், கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டேன். பயந்துபோய் என்னைப் பார்த்தாள். பழசு, தூசி, போட்டுடலாம், அத்தை வேற கட்டித் தரேன் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். "மைதா கடிச்சது இதுலதான இருக்குது?" என்றாள். எடுத்து ஒளித்துவிடலாம் என்றால், குகை எங்கே என்று வீட்டையே தலைகீழாக்குவாள், சங்கரி ஏன் என்று கேட்பாள். மூன்று நாள் இப்படியே போனது.

நாலாம் நாள் காலையில் அனு பள்ளிக்கூட உடுப்போடு, குகையை மடியில் வைத்துக்கொண்டு தறி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்றாள். நான் குகையை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, அவளைத் தொட்டிக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டேன். என் கையையும் கழுவினேன். திரும்பி வந்து தட்டை எடுத்தால் மனசு கேட்கவில்லை. மறுபடி இழுத்துப்போய் நகக்கண்ணெல்லாம் தேய்த்துக் கழுவினேன். மூன்றாவது தரம் சோப்பை எடுத்தபோது பின்னால் சங்கரி நின்றிருந்தாள். கடைக்குக் கட்டுகிற சீருடைப் புடவை, தோளில் பை.

"எதுக்கு அண்ணி இத்தினி தட கழுவுறீங்க? நீங்கதான ஊட்டப் போறீங்க?"

"முயல் பொழங்கின கை இல்ல, அதான்."

"முயல் போயி நாலு நாளாச்சே."

நான் அனுவை உட்கார வைத்து, தட்டை எடுத்து, ரசம் சாதத்தைப் பிசைந்தேன். சங்கரி செருப்பை மாட்டப் போனவள், மாட்டவில்லை. பையைக் கீழே வைத்தாள். சுவரோரம் போய்க் குகையை எடுத்தாள். கூரை ஓட்டுக்கு நடுவே பதித்த கண்ணாடி வழியாகத் தறிமேல் ஒரு கற்றை வெயில் இறங்குகிற நேரம். அந்த வெயிலில் குகையைத் தூக்கிப் பிடித்தாள். ஓட்டைகளின் வழியே வெளிச்சம் அவள் நெற்றியிலும் கன்னத்திலும் புள்ளி புள்ளியாக விழுந்தது. ஒரு அட்டையின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லச் சுரண்டினாள். பழுப்புக்கு மேலே காய்ந்திருந்த ஏதோ ஒன்று வெள்ளையாக, மாவு போல உதிர்ந்தது. அவள் அதை முகர்ந்து பார்த்தாள். எதிர்த் தறியில் என் வீட்டுக்காரரின் நாடாச் சத்தம் நின்றது.

"அத்தை, ஆ" என்று அனு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். சோற்று உருண்டை என் விரல்களில் இருந்தது.